மின்சாரத் துளை யந்திரம் சிக்கும்போது கையைக் காக்கும் தானியங்கி நிறுத்தி

தச்சனையும் கொல்லனையும் எதிர்பாராமல் விவசாயிகள் தாமே செய்துகொள்ளவேண்டிய சில்லறை வேலைகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. கிணற்று மேட்டிலுள்ள மோட்டார்க் கொட்டகையில் சுவிட்சுப் பெட்டியைச் சுவரில் பொருத்துதல், இரும்புக் கலப்பையின் சட்டத்தில் போல்ட்டுக்குத் துளையிடுதல், சொட்டு நீர்ப்பாசனத்திற்காகப் பி.வி.சி. குழாயில் கிளைக் குழாய்களுக்கு வழி செய்தல், மாட்டுக் கொட்டிலின் மரக்கால்களை இணைத்தல், காய்கறிப் பந்தலுக்குரிய கல்தூண்களில் கம்பி கோத்தல் ஆகிய இவையாவும் துளையிடும் வேலைகளே. முற்காலத்தில் துறப்பணத்தையும் உளியையும் கொண்டு அரைநாளில் முடித்த வேலை, இன்று கையிற் பிடித்து இயக்கும் மின்சாரத் துளை யந்திரத்தால் சில நிமிஷங்களில் முடிகிறது. இதனாலேயே இந்த யந்திரம் வசதியுள்ள குடியானவர் வீடுகளில் மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது.

எனினும், இந்தச் சிறு யந்திரத்தில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. துளையிடும் அலகு, பொருளுக்குள் திடீரென்று சிக்கிக்கொண்டால், சுழலவேண்டிய அலகு நின்றுவிடும். நிற்கவேண்டிய யந்திரம் சுழலத் தொடங்கும். அதைப் பிடித்திருக்கும் கையும் அதனுடன் முறுக்கப்படும். விரல் நசுங்குதல், மணிக்கட்டு சுளுக்குதல், எலும்பு முறிதல் ஆகியவை இவ்வாறே நேருகின்றன. ஏணிமேல் நின்றோ, கிணற்றின் கைப்பிடிச் சுவரையொட்டி நின்றோ வேலை செய்பவராயின், கீழே விழுந்து உயிருக்கே கேடு விளைதல் கூடும். முறிந்த மணிக்கட்டு கூடுவதற்குச் சாதாரணமாக 6 வாரங்களாவது செல்லும். நடவோ அறுப்போ அந்த 6 வாரம் காத்திராது. ஆகையால், இவ்வபாயம் எவ்வாறு உண்டாகிறது என்பதையும், அதைத் தடுக்கும்பொருட்டுப் புதிய யந்திரங்களில் அமைக்கப்பட்டுள்ள மின்னணு நிறுத்தி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் இங்கே விளக்குவோம்.

யந்திரத்தின் அமைப்பு

கையிற் பிடித்து இயக்கும் மின்சாரத் துளை யந்திரம் 1895-ஆம் வருஷத்தில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்திலுள்ள பைன் கம்பெனியாரால் முதன்முதலில் செய்யப்பட்டது. பின்னர், அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனியார் துப்பாக்கியின் பிடியையும் அதன் குதிரையையும் ஒத்த அமைப்பை இந்த யந்திரத்திற்கு அளித்து, 1917-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். விரலால் அழுத்தினால் யந்திரம் ஓடும். விரலை எடுத்தால் நிற்கும். இன்று கடைகளில் விற்கும் யந்திரங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பைக் கொண்டவையே.

யந்திரத்தின் உள்ளே மோட்டார் மிக்க வேகமாகச் சுழலும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் யந்திரங்களில் அவ்வேகம் நிமிஷத்திற்கு 20,000 சுற்றுக்கு மேலாகவும் இருக்கும். பற்சக்கரங்கள் இவ்வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்கு விசையைப் பெருக்கி, 'சக்' என்னும் பிடிப்பானிலுள்ள அலகுக்குக் கொடுக்கின்றன. வேகம் குறையக் குறைய முறுக்கு ஏறும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மெதுவாகச் சுழலும் பெரிய அலகே கையை அதிகமாகத் தாக்கவல்லது. வேகமாகச் சுழலும் சிற்றலகு பெரும்பாலும் தானே முறிந்துவிடும்.

அலகு சிக்குவதற்குக் காரணங்கள்

அலகு எவ்விடத்தில் சிக்கும் என்பதை ஒருவாறு முன்கூட்டியே அறியலாம்.

இரும்புத் தகட்டில் துளையிடும்போது, துளை முடிந்து அலகின் நுனி மறுபக்கத்தில் வெளிப்படும் தருணமே மிக்க ஆபத்தானது. அப்பொழுது எஞ்சியிருக்கும் மெல்லிய விளிம்பை அலகின் வாய் வெட்டாமல் கவ்விக்கொள்ளும். மரத்தில் துளையிடும்போது கணுவும், உள்ளே மறைந்திருக்கும் பழைய ஆணியும் அலகைத் தடுக்கும். ஈரமரத்தின் சீவல் அலகின் பள்ளங்களில் அடைத்துக்கொண்டாலும் இவ்வாறே நேரும். கான்கிரீட்டுச் சுவரிலும் தளத்திலும் உள்ளிருக்கும் கம்பியில் அலகு மோதினால், கண்ணிமைப்பதற்குள் நின்றுவிடும். பி.வி.சி. குழாயில் வட்டவாள் கொண்டு பெரிய துளை போடும்போது, வாள் சிறிது சாய்ந்தாலும் பற்கள் குழாயைப் பற்றிக்கொள்ளும். மழுங்கிய அலகும், சாய்த்துப் பிடித்த யந்திரமும், பொறுமையின்றி அழுத்தும் கையும் மேற்கூறிய எல்லா இடங்களிலும் ஆபத்தை இரட்டிக்கும்.

கையின் வேகமும் யந்திரத்தின் வேகமும்

"விரலை எடுத்துவிட்டால் யந்திரம் நின்றுவிடுமே, பிறகு என்ன பயம்?" என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து தவறென்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

பெரிய துளைக்காக யந்திரத்தை நிமிஷத்திற்கு 300 சுற்று வேகத்தில் ஓட்டுவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 5 சுற்றாகும். எனவே, ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்தில் ஒரு விநாடி போதும். எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியை உணர்ந்து மனிதன் தன் விரலைத் தளர்த்துவதற்கும் ஏறக்குறைய அதே ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. முன்கையோ ஒரு திசையில் கால் சுற்றளவுக்கு மேல் திரும்பாது. அலகு சிக்கியவுடன் யந்திரத்தின் உடல் அம்முழு வேகத்தையும் உடனே அடைவதில்லை என்பது மெய்யே. பாதி வேகம் என்று வைத்துக்கொண்டாலும், கால் சுற்றுத் திரும்பப் பத்தில் ஒரு விநாடியே பிடிக்கும். அதாவது, விரல் தளர்வதற்கு வேண்டிய நேரத்தில் பாதியிலேயே கை தன் எல்லையை அடைந்துவிடும். இதன்றியும், திடுக்கிட்ட மனிதனின் கை இயல்பாகவே இறுகப் பற்றுமேயன்றித் தளராது. இறுகப் பற்றும் விரல் சுவிட்சையும் சேர்த்தே அழுத்தும்.

விசையின் அளவையும் கவனிக்கவேண்டும். யந்திரத்தின் முறுக்கு விசையை நியூட்டன்-மீட்டர் என்னும் அளவில் குறிப்பர். பாட்டரியால் ஓடும் நடுத்தர யந்திரங்களில் 60 நியூட்டன்-மீட்டர் என்பது சாதாரணமாகக் காணப்படும் அளவு. 1 மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் சுமார் 6 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கே அது. கைப்பிடியோ அலகின் நடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்திருக்கும் கை, சுமார் 40 கிலோ விசையைத் தாங்கவேண்டும். ஒரு மூட்டை நெல்லைத் திடீரென்று ஒற்றை மணிக்கட்டில் ஏற்றியது போலாகும். பக்கக் கைப்பிடியை மாட்டி 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், அவ்விசை 20 கிலோவாகக் குறையும். யந்திரத்துடன் பெட்டியில் வரும் பக்கக் கைப்பிடியைப் பலர் மூலையில் எறிந்துவிடுகின்றனர். அது வேறெந்தக் காப்பையும்விட மலிவான காப்பு என்பதை இக்கணக்கே காட்டும்.

காப்பு என்று தவறாகக் கருதப்படுபவை

மோட்டார்க் கொட்டகையிலுள்ள பியூசும் எம்.சி.பி.யும் கம்பிகள் சூடேறி எரியாமல் காப்பதற்கானவை. யந்திரம் சிக்கி நிற்கும்போது சிறிது நேரம் மிகுதியாக ஓடும் மின்சாரத்தை அவை பொறுத்துக்கொள்ளும். அதற்குள் மணிக்கட்டு முறிந்துவிடும். ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவி மின்னதிர்ச்சியினின்று காப்பது. அது மிக அவசியமானதே. ஆனால் அலகு சிக்குவதை அது அறியாது. பாட்டரி யந்திரங்களின் கழுத்திலுள்ள எண்கள் பொறித்த வளையம் திருகாணி முடுக்குவதற்காக ஏற்பட்டது. துளையிடும் குறிக்கு வளையத்தைத் திருப்பியவுடன், வழுக்கும் கிளச்சு பெரும்பாலான யந்திரங்களில் விலக்கப்பட்டுவிடும். முழு முறுக்கும் அலகுக்குச் செல்லும்.

கான்கிரீட்டில் துளையிடும் சுத்தியல் யந்திரங்களில் இரும்பாலான காப்புக் கிளச்சு ஒன்று உண்டு. குறித்த அளவுக்கு மேல் முறுக்கு ஏறினால் அது வழுக்கி, கடகடவென்று ஓசையிடும். இது பயனுள்ளதே. ஆயினும், அது விசைக்கு ஓர் எல்லை வகுக்கிறதேயன்றிச் சுழற்சிக்கு எல்லை வகுப்பதில்லை. வழுக்கும்வரையில் உள்ள விசை முழுவதும் கையின்மேல் விழும். பெரிய அலகை ஓட்டுவதற்கு ஏற்றவாறு அந்த எல்லை உயர்வாகவே வைக்கப்பட்டிருக்கும். நாளடைவில் கிளச்சு தேய்ந்து தன் அளவு மாறுவதும் உண்டு.

மின்னணு நிறுத்தி வேலை செய்யும் விதம்

மனிதனின் விரல் தளருமுன் யந்திரம் தானே நிற்கவேண்டும் என்பதே மின்னணு நிறுத்தியின் நோக்கம். இதன் வேலையை மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உணர்தல். யந்திரத்தின் உடலுக்குள் மிளகளவேயுள்ள சுழற்சியுணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் கண்ணுக்குப் புலப்படாத சிலிக்கன் துண்டு ஒன்று இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கும். யந்திரத்தின் உடல் திரும்பினால், அவ்வதிர்வு பக்கவாட்டில் சிறிது விலகும். விலகலின் அளவைக்கொண்டு, உடல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது கணிக்கப்படுகிறது. சில யந்திரங்களில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அளவும், மோட்டாரின் வேகம் குறையும் விதமும் உடன் கவனிக்கப்படுகின்றன. மின்சாரத்தின் அளவை மாத்திரம் கவனித்தால் போதாது. கடினமான மரத்தை நேராகத் துளைக்கும்போதும் மின்சாரம் மிகும். கடின வேலையில் யந்திரத்தின் உடல் அசையாது; சிக்கலில் உடல் வேகமாகத் திரும்பும். இவ்விரண்டையும் பிரித்தறிவது சுழற்சியுணரியே.

இரண்டாவது, தீர்மானித்தல். சிறு கணக்கிடும் கருவியொன்று உணரி தரும் செய்தியை விநாடிக்குப் பன்முறை வாசித்து, குறித்த எல்லையை மீறிய திருப்பமா என்று சோதிக்கிறது.

மூன்றாவது, நிறுத்தல். எல்லை மீறியவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஆனால் மின்சாரத்தைத் துண்டித்தல் மாத்திரம் போதாது. ஓடும் வண்டியின் மாடுகளை அவிழ்த்துவிட்டாலும் வண்டி சிறிது தூரம் உருளுவது போல, வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த மோட்டாரின் சுழலி தன் வேகத்தால் மேலும் முறுக்கும். ஆகையால் 'பிரஷ்லெஸ்' என்னும் கரித்தூரிகையில்லா மோட்டார்களில், அதன் சுருள்களையே ஒன்றோடொன்று இணைத்து, மோட்டாரைத் தனக்குத் தானே தடையாக்கி நிறுத்துகின்றனர். சில பெரிய யந்திரங்களில் மின்காந்தக் கிளச்சு ஒன்று மோட்டாரைப் பற்சக்கரங்களினின்று பிரித்துவிடும்.

நின்ற யந்திரம் தானாக மீண்டும் ஓடாது. விரலைச் சுவிட்சிலிருந்து முழுவதும் எடுத்து, மறுபடி அழுத்தினாலன்றி இயங்காதவாறு அமைத்திருப்பர். பல யந்திரங்களில் சிறு விளக்கொன்று எரிந்தோ மினுக்கியோ, நின்றதற்குக் காரணம் இதுவென அறிவிக்கும்.

நிறுத்தியால் ஆகாதவை

இவ்வளவு நுட்பமான கருவியாயினும், அதற்கும் எல்லை உண்டு. அது அலகு சிக்குவதைத் தடுப்பதில்லை. சிக்கிய பின் கை முறுக்கப்படுவதைக் குறைக்கிறது. முதல் உதறல் கையில் விழவே செய்யும். ஏணியின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்பவரைத் தள்ளிவிடுவதற்கு அந்த முதல் உதறலே போதும். மேலும், உடல் வேகமாகத் திரும்பினாலன்றி உணரிக்குச் செய்தி எட்டாது. யந்திரத்திற்கும் சுவருக்கும் நடுவே கை அகப்பட்டிருந்தால், எல்லையை மீறுமளவு உடல் திரும்புமுன்னரே விரல்கள் நசுங்குதல் கூடும். மேல்துண்டோ தளர்ந்த சட்டைக் கையோ அலகில் சுற்றிக்கொள்வதையும் அது கண்டறியாது.

சில சமயங்களில், சிக்கல் இல்லாதபோதும் யந்திரத்தை வேகமாகத் திருப்பிப் பிடித்தால் நிறுத்தி வேலை செய்துவிடும். இதைப் பழுதென்று எண்ணி, அதை நீக்கித் தரும்படி மெக்கானிக்கைக் கேட்போர் உண்டு. காவல் நாய் ஒருமுறை வீணாகக் குரைத்ததற்காக அதை விரட்டிவிடுவதற்கு ஒப்பாகும் இது. அடிக்கடி வீணாக நிற்குமாயின், பிடிக்கும் முறையையும் அலகின் கூர்மையையும் முதலில் சோதித்து, பின்னரும் குறை தீராவிடில் தயாரிப்பாளரின் பழுது பார்க்கும் நிலையத்திற்கு அனுப்புவதே முறை.

குழி தோண்டும் யந்திரங்கள்

தென்னை, மா, எலுமிச்சை முதலியவற்றின் கன்றுகளுக்கும், வேலிக் கால்களுக்கும் குழி தோண்டும் யந்திரங்களைப் பற்றியும் இங்கே கூறுவது அவசியம். இவையும் துளை யந்திரங்களே. அலகு பெரியது, வேகம் குறைவு, ஆதலால் முறுக்கு மிக அதிகம். மண்ணுக்குள் வேரோ கல்லோ தட்டினால், யந்திரத்தைப் பிடித்திருக்கும் ஆளையே சுழற்றி எறிய வல்லது. பாட்டரியால் ஓடும் சில புதிய குழி யந்திரங்களில் மின்னணு நிறுத்தி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் கொண்ட சாதாரண யந்திரங்களை வாங்கும்போது, அத்தகைய நிறுத்தி இல்லை என்றே கொண்டு நடத்தல் நலம். அவற்றில் எரிபொருள் விசையை விட்டவுடன் எஞ்சின் வேகம் தணிந்து, கிளச்சு விலகி, அலகு நிற்கவேண்டும். வேலை தொடங்குமுன், அலகு தரையில் படாதிருக்கையில் இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். விட்ட பின்னும் அலகு சுழலுமாயின், அந்த யந்திரத்தைக் கொண்டு வேலை செய்யலாகாது. எஞ்சினை நிறுத்தும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பதையும் கவனிக்கவேண்டும். கல்லும் வேரும் உள்ள நிலமாயின், குழியிடும் இடத்தை முதலில் கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொள்வது நன்று.

வாங்குவோர் கவனத்திற்கு

மின்னணு நிறுத்தியைத் தயாரிப்பாளர் வெவ்வேறு பெயர்களால் விற்கின்றனர். பாஷ் கம்பெனியார் இதைக் 'கிக்பேக் கண்ட்ரோல்' என்றும், ஹில்டி கம்பெனியார் 'ஆக்டிவ் டார்க் கண்ட்ரோல்' என்றும், மில்வாக்கி கம்பெனியார் 'ஆட்டோஸ்டாப்' என்றும் குறிக்கின்றனர். ஒரே கம்பெனியின் எல்லா யந்திரங்களிலும் இது இருப்பதில்லை. விலை குறைந்த வகைகளில் பெரும்பாலும் இராது. ஆகையால், குறிப்பிட்ட மாதிரியின் விளக்கப் புத்தகத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிந்தே வாங்கவேண்டும். வேண்டுமென்றே அலகைச் சிக்கவைத்துச் சோதித்தல் கூடாது.

சுவர் ஆணிக்காகச் சிறு துளை மாத்திரம் போடுவோர்க்கு இது இன்றியமையாததன்று. பெரிய அலகு, வட்டவாள், கான்கிரீட்டு வேலை, ஏணிமேல் வேலை ஆகியவை உடையோர்க்கு இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலை வீணாகாது.

பொது உபயோகத்திற்கான யந்திரங்கள்

கூட்டுறவுச் சங்கத்திலோ, உழவர் குழுவிலோ, பஞ்சாயத்திலோ வாங்கி, பலருக்கும் முறை வைத்துக் கொடுக்கும் யந்திரங்களைக் குறித்துக் கிராம அதிகாரிகள் தனிக் கவனம் செலுத்தவேண்டும். சொந்த யந்திரத்தின் குணத்தை உடையவர் அறிவார்; இரவல் யந்திரத்தின் குணத்தை ஒருவரும் அறியார். யந்திரத்தைக் கொடுக்கும்போது பக்கக் கைப்பிடியும் உடன் செல்கிறதா, திரும்பி வரும்போது அது உடன் வருகிறதா என்று பதிவேட்டில் குறித்தல் வேண்டும். நிறுத்தி உள்ள யந்திரம் எது, இல்லாதது எது என்பதை யந்திரத்தின்மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவைத்தல் நலம். நிறுத்தி உள்ள யந்திரத்தில் பழகிய கை, அது இல்லாத யந்திரத்தையும் அதே நம்பிக்கையுடன் பிடிப்பதுண்டு. விபத்திற்கு அதுவே வழியாகும்.

கைக்கொள்ளவேண்டிய விதிகள்

1. பக்கக் கைப்பிடியை மாட்டி, இரு கைகளாலும் பிடிக்கவேண்டும். அலகு சிக்கினால் யந்திரம் எத்திசையில் திரும்பும் என்பதை முன்பே எண்ணி, அதற்கு ஏற்ப நிற்கவேண்டும்.

2. துளையிடும் பொருளைக் கையாலோ காலாலோ பிடிக்காமல், இடுக்கியில் இறுக்கிக்கொள்ளவேண்டும்.

3. பெரிய துளைக்கு முன் சிறிய துளை இடவேண்டும். துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும்.

4. விரலின்றியே ஓடும்படி சுவிட்சைப் பூட்டும் பொத்தானைக் கையிற் பிடித்துச் செய்யும் வேலையில் உபயோகிக்கலாகாது.

5. ஏணியின்மேல் பெரிய அலகை உபயோகிக்கலாகாது; உறுதியான சாரம் கட்டிக்கொள்ளவேண்டும்.

6. மேல்துண்டு, தளர்ந்த வேட்டி, தளர்ந்த கையுறை ஆகியவற்றுடன் சுழலும் அலகின் அருகில் செல்லலாகாது.

7. அலகு சிக்கிக்கொண்டால், விரலை எடுத்து, செருகியைப் பிடுங்கி, அல்லது பாட்டரியைக் கழற்றி, அதன் பின்னரே அலகை ஸ்பானரால் பின்புறமாகத் திருப்பி விடுவிக்கவேண்டும். சுவிட்சை விட்டுவிட்டு அழுத்தி உதறி எடுக்க முயல்வது மணிக்கட்டுக்கும் மோட்டாருக்கும் ஒருங்கே கேடு.

மின்னணு நிறுத்தி, கையைவிட விரைவாகச் செயற்படுவதால் பெரும் பயன் உடையது. ஆயினும், உறுதியாக ஊன்றிய காலும், பக்கக் கைப்பிடியும், கூரிய அலகும், பொறுமையும் முதற் காவல். நிறுத்தி இரண்டாம் காவல். இரண்டும் ஒருங்கே அமையுமாயின், துளை யந்திரம் குடியானவருக்கு நல்ல பணியாளாக நெடுநாள் உழைக்கும்.